பக்தனுக்குத் தராசு, கல்லாவுக்குத் திரை

கடவுளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க 24 லட்சம் டாலர் செலவாயிற்று. அமெரிக்காவில்தான். ஆறு மருத்துவமனைகள். பைபாஸ் அறுவைக்குப் படுத்த 1,802 நோயாளிகள். ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமை. ஆண்டுக்கணக்கில் நடந்து, 2006 ஏப்ரலில் முடிவு வெளியானது.

நோயாளிகளை மூன்று கூறாகப் பிரித்தார்கள். முதல் கூறுக்குப் பிரார்த்தனை உண்டு. இரண்டாம் கூறுக்குக் கிடையாது. இந்த இரு கூறினரிடமும் "உங்களுக்காக யாராவது வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். மூன்றாம் கூறுக்குப் பிரார்த்தனையும் உண்டு, உண்டு என்கிற தகவலும் உண்டு. வேண்டுகிற வேலை மூன்று கிறிஸ்தவக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினான்கு நாள் வேண்ட வேண்டும். என்ன வேண்ட வேண்டும் என்பதும் எழுதிக் கொடுக்கப்பட்டது: அறுவை நல்லபடி முடியணும், சீக்கிரம் தேறணும், சிக்கல் வரக்கூடாது. யாருக்காக? முதற்பெயரும், குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் தருவார்கள். அந்தரங்கம் காக்க வேண்டுமே! எந்த ஜான், எந்த எம் என்பதை மேலே இருப்பவர்தான் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நல்லவேளை, அவருக்கு ஓடிபி அனுப்பவில்லை.

முடிவு வந்தது. வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு அறுவைக்குப் பின் சிக்கல். வேண்டப்படாதவர்களில் 51. தங்களுக்காக ஊர் கூடி வேண்டுகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59. கடைசி எண்ணைப் பாருங்கள். பிரார்த்தனை நடப்பது தெரிந்தவன்தான் அதிகம் அவதிப்பட்டான். "ஆள் வைத்து வேண்டுகிற அளவுக்கா நம் நிலைமை மோசம்" என்று நோயாளி மிரண்டிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் ஒருவரே விளக்கம் சொன்னார். இதைச் சொல்ல 24 லட்சம் டாலர் எதற்கு? நம்மூர் அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். சொந்தக்காரர்கள் மொத்தமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றால் வயிற்றைக் கலக்கும்.

பணம் பெரும்பாலும் டெம்பிள்டன் அறக்கட்டளையுடையது. யார் இந்த ஜான் டெம்பிள்டன்? பரஸ்பர நிதி நடத்திக் கோடிகளில் புரண்டவர். அமெரிக்காவில் பிறந்தவர். பிறகு அந்தக் குடியுரிமையை விட்டுவிட்டு பஹாமாஸில் குடியேறினார். அங்கே வருமான வரி கிடையாது. கடவுளைத் தேடுகிறவர்கள் இமயமலைக்குப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவருக்குத் தீவு வாய்த்தது. ஆன்மிகத்துக்கு ஒரு பரிசும் நிறுவினார். அதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுண்டு: பரிசுத்தொகை எப்போதும் நோபல் பரிசைவிட அதிகமாக இருக்க வேண்டும். அகந்தையை அறுக்கச் சொல்லும் துறைக்கு, அடுத்த வீட்டுக்காரனைவிட ஒரு ரூபாய் அதிகம் என்று ஏலம் கேட்கிற பரிசு.

இதே கேள்வியை 1872-லேயே ஓர் ஆங்கிலேயர் காசில்லாமல் முடித்துவிட்டார். பிரான்சிஸ் கால்ட்டன். இங்கிலாந்தில் ஞாயிறுதோறும் எல்லாத் தேவாலயங்களிலும் அரச குடும்பத்தின் ஆயுளுக்காக வேண்டுகிறார்கள். பலித்தால் அரச குடும்பம் நீண்ட நாள் வாழ வேண்டும். கணக்குப் போட்டார். சராசரி வயது 64. வசதியுள்ள வர்க்கங்களில் கடைசி இடம். வக்கீல்கள் அவர்களைவிட அதிக நாள் வாழ்ந்திருந்தார்கள். வக்கீலுக்காக எந்த ஊரில் யார் வேண்டினார்கள்? செலவு: தாளும் மையும்.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 2001-இல் மகப்பேற்று மருத்துவ இதழ் ஒன்று பெரிய சேதி வெளியிட்டது. தென்கொரியாவின் சியோலில் சோதனைக் குழாய்க் கருத்தரிப்புக்கு வந்த பெண்களுக்காக, அவர்களுக்கே தெரியாமல், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் சிலர் வேண்டினார்களாம். வேண்டப்பட்டவர்களில் 50 சதவீதம் பேர் கருவுற்றார்கள், மற்றவர்களில் 26. ஏறக்குறைய இரட்டிப்பு! கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெயரும் கட்டுரையில் இருந்தது. பத்திரிகைகள் துள்ளின. கட்டுரையை எழுதியவர் மூவர். ஒருவர் வக்கீல், மருத்துவப் பட்டம் இல்லாதவர். 2004-இல் அவர் வேறொரு மோசடிச் சதி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். இன்னொருவர் தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஆக, பலித்தது யார் பிரார்த்தனை என்று இன்றுவரை விளங்கவில்லை.

சரி, மருத்துவர்களை விடுங்கள். பொருளாதார நிபுணர்கள் வந்தார்கள்.

1975-இல் ஆசி, எரன்பெர்க் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், குடும்பங்கள் எப்படி நேரத்தைப் பங்கிட்டுத் தேவாலயத்துக்குப் போகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். மதப் பொருளாதாரம் என்ற துறையின் நவீனப் பிள்ளையார் சுழி அதுதான் என்பார்கள். மனிதன் இம்மையிலும் நுகர்கிறான், மறுமையிலும் நுகரப் பார்க்கிறான். தேவாலயத்தில் உட்காரும் நேரம் மறுமைக்கான முதலீடு. வயதாக ஆக ஏன் அதிகம் போகிறார்கள்? முதிர்வுத் தேதி நெருங்குகிறது. பெண்கள் ஏன் ஆண்களைவிட அதிகம் போகிறார்கள்? அவர்களுக்குக் கூலி குறைவு. கூலி குறைந்தால் நேரம் மலிவு. மலிவான நேரத்தைச் செலவழித்தால் குடும்பத்துக்கு நட்டம் குறைவு.

கணக்கு சரியாகத்தான் இருக்கும். எரிச்சலே அதுதான். அவளுக்குக் கூலி ஏன் குறைவு என்று கேட்டிருந்தால் அது பொருளாதாரம். கூலி குறைவு என்பதைக் கூரை, சுவர் மாதிரி இயற்கையாக எடுத்துக்கொண்டு, ஆகவே அவள் சாமி கும்பிடுகிறாள் என்று முடிப்பது என்ன இயல்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எந்த அம்மன் கோயில் பிராகாரத்திலாவது போய்ப் பாருங்கள். அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். எண்ணெய் விளக்கு ஏற்றியாயிற்று. குங்குமம் மடித்த காகிதம் முந்தானையில் முடிச்சாக இருக்கிறது. பக்கத்தில் இன்னொருத்தி. மருமகளைப் பற்றி அரை மணி, மூட்டு வலியைப் பற்றிக் கால் மணி. விடியற்காலை எழுந்ததிலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்காத முதல் ஒரு மணி நேரம் அது. காபி கேட்கவில்லை. துண்டு எங்கே என்று கேட்கவில்லை. இதை மறுமை முதலீடு என்று எழுதிக்கொள்கிறவர், அவளைத் தூணில் சாய்ந்த நிலையில் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா?

1992-இல் லாரன்ஸ் இயனக்கோன் வந்தார். இவர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். கெடுபிடி மிகுந்த சபைகள் ஏன் செழிக்கின்றன என்பது இவர் கேள்வி. இதைத் தின்னாதே, அதை உடுத்தாதே, தலையை மழி என்கிற சபைகள் ஆளில்லாமல் ஓய்ந்துபோக வேண்டாமா? இல்லை, வளர்கின்றன. காரணம், அந்தக் கெடுபிடியே வடிகட்டி. ஓசியில் பந்திக்கு மட்டும் வருகிறவன் மொட்டை போடச் சொன்னால் நழுவிவிடுவான். மிஞ்சுகிறவர்கள் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள். கூட்டம் இறுகும். தியாகம், தழும்பு, சகோதரத்துவம் எல்லாம் ஒரே வாய்ப்பாட்டில் அடங்கிவிட்டன.

அடங்காதது ஒன்றுண்டு. தியாகம் செய்த பிறகு அந்தத் தியாகம் எங்கே போகிறது? திருமலையில் காணிக்கையாக விழும் முடியைத் தேவஸ்தானம் இணையவழி ஏலத்தில் விற்கிறது. ஏலம் எடுப்பவர்கள் அதை ஏற்றுமதி செய்கிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டு வெயிலில் நிற்பவனின் மனத்தை அளக்க வாய்ப்பாடு இருக்கிறது. முடி எத்தனை கை மாறி எத்தனை விலையேறி எந்த நாட்டுத் தலையில் போய் உட்கார்கிறது என்பதற்கு அந்த வாய்ப்பாட்டில் ஓர் எழுத்துகூட இல்லை.

பக்தன் பொய் சொல்கிறானா என்றும் பார்த்தார்கள். அந்நாளில் அமெரிக்கர்களைக் கேட்டால் வாராவாரம் தேவாலயம் போவதாக நூற்றுக்கு நாற்பது பேர் சொல்வார்கள். எத்தனையோ ஆண்டாக அதே நாற்பது. மூன்று சமூகவியலாளர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒஹையோ மாநிலத்தில் ஆஷ்டபுலா என்றொரு மாவட்டம். அங்கே தெருத்தெருவாகக் காரில் சுற்றி, பட்டியலில் இல்லாத தேவாலயங்களையும் கண்டுபிடித்தார்கள். கணக்குக் கிடைக்காத இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெளியே நிற்கும் கார்களை எண்ணினார்கள். 1993-இல் முடிவைச் சொன்னார்கள்: போவதாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் போகிறார்கள். மிச்சப் பாதி? தொலைபேசியில் மட்டும் பக்தி.

இணையச் சந்தையில் நன்கொடைக்காக நடந்த ஏலங்களை வைத்து 2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு, மத நம்பிக்கை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தர்மச் சிந்தனையில் கூடுதலாக இளகுவதைக் கண்டது. மற்ற நாட்களில் நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதில் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. புரட்டாசி முடிந்த அடுத்த ஞாயிறு காலை எந்தக் கறிக்கடை வரிசையிலாவது நின்றவர்களுக்குத் தெரியும்.

நாத்திக நண்பர்கள் ரொம்பவும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆறு நாடுகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள், கையில் ஒட்டுப்படங்கள். யார் யாருக்கு எத்தனை ஒட்டுப்படம் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன என்பது முடிவு. உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. பகுத்தறிவாளர் வட்டாரம் பொங்கல் வைத்தது. பிறகு வேறொரு ஆராய்ச்சியாளர் தரவை வாங்கிப் பார்த்தார். நாடுகளுக்கு அடையாளமாக 1, 2, 3 என்று எண் போட்டிருந்தார்கள். கணினியோ அதை அளவாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு நாடு இன்னொரு நாட்டைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நாடாகிவிட்டது. திருத்திப் போட்டால் பெரும்பாலான சேதி ஆவியாகிவிட்டது. 2019-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தியைக் கொட்டை எழுத்தில் யார் போட்டார்கள்? வேதம் என்றால் கேள்வி கேள், ஆய்வு என்றால் கேட்காதே என்பது நல்ல பகுத்தறிவு.

ராபர்ட் பாரோ, ரேச்சல் மெக்ளீரி இருவரின் 2003-ஆம் ஆண்டுக் கட்டுரையை நம் நிதியமைச்சகம் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. பல நாடுகளின் புள்ளிவிவரத்தைக் கோத்து அவர்கள் சொன்னது இது: நரகத்தில் நம்பிக்கை கூடினால் பொருளாதாரம் வளரும். தேவாலயத்துக்குப் போவது கூடினால் வளர்ச்சி குறையும். அதாவது நம்பு, ஆனால் வராதே. பயப்படு, ஆனால் வேலைநேரத்தில் பயப்படாதே. பட்ஜெட்டில் நரக நம்பிக்கை ஊக்குவிப்புக்கு ஓர் ஒதுக்கீடு போட்டால் தீர்ந்தது. கொதிக்கும் எண்ணெய்க்கு மட்டும் ஜிஎஸ்டி எத்தனை சதவீதம் என்று முடிவு செய்ய வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதே கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தபோது அது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஓர் ஆராய்ச்சி பக்தனை விட்டுவிட்டு, மேடையேறப் போகிறவனைப் பிடித்தது. அதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும். டார்லி, பேட்சன் என்ற இருவர் 1973-இல் வெளியிட்டது. இடம் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி. நாளைய போதகர்கள் நாற்பது பேர். ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் குரு விலகிப் போனார், அந்நியன் ஒருவன் நின்று தூக்கினான் என்று இயேசு சொன்ன அதே கதை. போகிற சந்தில் ஓர் ஆளைச் சுருண்டு உட்கார வைத்திருந்தார்கள். தலை தொங்கியிருக்கிறது. இருமுகிறான், முனகுகிறான். சந்து குறுகல். அவனைப் பார்க்காமல் போக முடியாது.

அவகாசம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். "நேரமாயிற்று, ஓடு" என்று விரட்டப்பட்டவர்களில் பத்து சதவீதம். கதையைப் பேசப் போகிறவர், பேசாதவர் என்ற வேறுபாடு பெரிதாக எதையும் மாற்றவில்லை. நல்ல சமாரியனைப் பற்றி உருக்கமாகப் பேசப் போகிற அவசரத்தில், கிடந்தவனைத் தாண்டிக் காலெடுத்து வைத்துப் போனவர்களும் இருந்தார்கள்.

இந்தச் சந்து எல்லா ஊரிலும் இருக்கிறது. அதில் இன்னும் நாலு பேரை உட்கார வைத்து ஆராய்ந்திருக்கலாம். செய்யவில்லை. திரும்பவும் பக்தன் பக்கமே போய்விட்டார்கள். காரணம் எளிது. பக்தனிடம் கேள்வித்தாளை நீட்டினால் நிரப்பித் தருவான். மடத்தில் நீட்டினால் வாசற்கதவு சாத்தப்படும்.

அமெரிக்காவில் ஓர் அனாதை இல்லம் நடத்தினால் ஆண்டுதோறும் வரவு செலவை அரசிடம் படிவமாகக் கொடுக்க வேண்டும். யாரும் எடுத்துப் பார்க்கலாம். தேவாலயம் என்று பதிந்துகொண்டால் அந்தப் படிவம் வேண்டாம். 2007-இல் செனட்டர் கிராஸ்லி ஆறு தொலைக்காட்சிப் போதகர்களிடம் கணக்குக் கேட்டார். இரண்டு பேர் முழுதாக ஒத்துழைத்தார்கள். 2011-இல் விசாரணை முடிந்தது. தண்டனை இல்லை, புதுச் சட்டம் இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர், கிரெஃப்லோ டாலர், 2015-இல் ஆறரைக் கோடி டாலர் விமானம் ஒன்றுக்காக விசுவாசிகளிடம் கையேந்தினார். பெயரே டாலர், நான் வைத்ததில்லை. 2018-இல் லூசியானாவைச் சேர்ந்த ஜெசி டுப்ளான்டிஸ் 5 கோடியே 40 லட்சம் டாலர் விமானம் கேட்டார். ஏற்கனவே மூன்று வாங்கியவர். இயேசு இன்று இருந்தால் கழுதையில் போக மாட்டார் என்பது அவர் வாதம். பணம் போட்ட கிழவியின் மறுமை முதலீட்டை அளந்தார்களே, இந்த இம்மை முதலீட்டை எந்த வாய்ப்பாட்டில் எழுதுவார்கள்?

நம் வீட்டுக்கு வருவோம்.

பியூ ஆராய்ச்சி மையம் 2021-இல் இந்தியாவில் 29,999 பேரிடம் கேட்டு வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியனுக்கு மிக முக்கியம் என்று இந்துக்களில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்கு முஸ்லிம் குடிவந்தால் சம்மதமில்லை என்று இந்துக்களில் 36 சதவீதம் பேர் சொன்னார்கள். தம் மதத்துப் பெண் வேற்று மதத்தவரைக் கட்டுவதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67, முஸ்லிம்களில் 80. மதிப்போம், ஆனால் மாடி வீட்டை வாடகைக்குத் தர மாட்டோம். சகோதரர்தான், ஆனால் சம்பந்தி ஆக முடியாது. சென்னையில் வீடு தேடி அலைந்த எவருக்கும் இதற்கு அறிக்கை தேவைப்பட்டிருக்காது.

இங்கும் அளக்கப்பட்டது சாதாரண ஜனம். கல்லாப் பக்கம் என்ன சட்டம்? பெயர் சொல்லாத நன்கொடை அறக்கட்டளைக்கு வந்தால் 30 சதவீதம் வரி என்று 2006-இல் விதி கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தும் அறக்கட்டளை முகம் தெரியாத பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்க மதத்துக்கென்றே நடக்கும் அறக்கட்டளை சொல்ல வேண்டாம். 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாமல் போனபோது, தம் பணத்தையே எடுக்க மகள் கல்யாணப் பத்திரிகையைக் காட்டிக்கொண்டு வங்கி வாசலில் நின்றார்களே, அதே வாரங்களில், கோயில் உண்டியலில் விழுந்த நோட்டைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டோம் என்றது வருவாய்த் துறை. நோட்டை மாற்றப் போன உனக்கு விரலில் மை. உண்டியலுக்கு மரியாதை.

மரியாதை எந்த அளவுக்கு என்று 2024 டிசம்பரில் திருப்போரூரில் தெரிந்தது. கந்தசாமி கோயில் உண்டியலில் காணிக்கை போடும்போது ஒருவருடைய ஐபோன் கைதவறி உள்ளே விழுந்துவிட்டது. திருப்பிக் கேட்டார். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம் என்றார்கள். 1975-ஆம் ஆண்டு உண்டியல் விதிகள் அப்படித்தான் சொல்கின்றனவாம். வேண்டுமானால் உள்ளே இருக்கும் தகவல்களை எடுத்துக்கொள்ளலாம், போன் முருகனுக்கு. விதி என்றால் இது விதி! கைதவறிய பக்தன் பொருளை ஒரு நொடியில் சாமி கணக்கில் ஏற்றத் தெரிந்த அறநிலையத் துறைக்கு, சாமியின் நிலத்தில் தலைமுறையாகக் குத்தகை தராமல் உட்கார்ந்திருப்பவரைக் கண்டுபிடிக்கத்தான் அளவைக் கருவி, நில வரைபடம், வழக்கு, மேல்முறையீடு எல்லாம் வேண்டியிருக்கிறது.

இனி கும்பமேளா. இங்கே ஆராய்ச்சியை அரசே எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு முன் வேறு இரண்டு கூட்டங்கள்.

அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) மாக மேளாவுக்கு வந்து கங்கைக் கரையில் ஒரு மாதம் கூடாரத்தில் தங்கும் யாத்திரிகர்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. கடுங்குளிர், இரைச்சல், நெரிசல். இருந்தும் ஊரிலேயே தங்கிவிட்டவர்களைவிட அவர்கள் உடலும் மனமும் தேறியதாக உணர்ந்தார்கள். கூட இருப்பவன் நம்மவன் என்கிற நினைப்பே காரணம் என்றார்கள். நல்ல ஆராய்ச்சி. தூணில் சாய்ந்த பெண்மணியை இவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையோடுதான் 2024 ஜூலை 2 அன்று உத்தரப்பிரதேசத்து ஹாத்ரசில் ஒரு சாமியாரின் சத்சங்கத்துக்கு ஜனம் போனது. அனுமதி 80,000 பேருக்கு. வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். நெரிசலில் செத்தவர்கள் 121 பேர். பெரும்பாலும் பெண்கள். நேரம் மலிவானவர்கள். முதல் தகவல் அறிக்கையில் அமைப்பாளர்கள் பெயர் இருந்தது. சாமியார் பெயர் இல்லை. குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

2025-இல் பிரயாக்ராஜ் மகா கும்பமேளா. தலை எண்ணச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தார்கள். தினமும் மாலை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணிக்கை வந்தது. மொத்தம் 66 கோடிப் பேர் நீராடினார்களாம். முதலமைச்சர் யோகி ஆதித்யநாத் பொருளாதாரப் பலனும் சொன்னார்: மூன்று லட்சம் கோடி ரூபாய். 130 படகு வைத்திருந்த ஒரு படகோட்டிக் குடும்பம் 45 நாளில் 30 கோடி ரூபாய் சம்பாதித்தது என்று சட்டமன்றத்திலேயே சொன்னார். எந்தத் தரவு, எந்த முறை, யார் சரிபார்த்தது? ஆசியும் எரன்பெர்க்கும் கொஞ்சம் வெட்கப்பட்டாவது எழுதினார்கள்.

ஜனவரி 29, மௌனி அமாவாசை. விடிவதற்கு முன் சங்கமத்தில் நெரிசல். ஜனம் மிதிபட்டது. பகல் முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அரசு சொல்லவில்லை. அன்று ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். மாலையில் 30 பேர் என்றார்கள். அதே நாளில் நீராடியவர்கள் கணக்கு தசமப் புள்ளியோடு வந்தது: 7.64 கோடி.

பல மாதம் கழித்து பிபிசி இந்தி நிருபர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். குறைந்தது 82 பேர் இறந்ததாக எழுதினார்கள். அரசு அறிவித்த இழப்பீடு 25 லட்சம், அதுவும் பட்டியலில் ஏறியவர்களுக்கு. பட்டியலில் ஏறாத 26 குடும்பங்களுக்குப் போலீசார் வீடு தேடி வந்து தலா ஐந்து லட்சம் கொடுத்ததாக அந்தக் குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. திடீரென உடல்நிலை கெட்டுச் செத்தார் என்று எழுதிய தாளில் சிலரிடம் கையெழுத்து வாங்கினார்களாம். காசோலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. கட்டுக்கட்டாக ரொக்கம். கொடுத்தவர் யார், எந்தத் தலைப்பில் எழுதியது என்று எங்கும் இல்லை. உண்டியலில் போடும்போதும் ரசீது கிடையாது. உண்டியலில் போட்டவர் செத்தபோதும் கிடையாது.